ஜோடிக்கு ஒரே மதிப்பெண்

அன்புள்ள ஏணியாருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று எல்லோரும்தான் கடிதத்தில் கேட்பார்கள், கேட்ட கையோடு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான் இந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நலமா?

போனில் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது பாருங்கள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். உங்களோடு வேலை பார்க்கும் கிரேன்காரர் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் உறையைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும் என்று அவரிடம் கறாராகச் சொல்லப்போகிறேன். பாவம், நல்ல மனுஷன், தலையாட்டுவார்.

முதலில் நீங்கள் கோபப்படப்போகும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கேட்காமல் நம் சமுதாயக் கல்லூரியில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். வயரிங் படிப்பைப் பாதியில் விட்டுப்போனவர்கள் ஆறு வருடத்துக்குள் திரும்பி வந்தால், முடித்த பருவங்களை ஏற்றுக்கொண்டு மிச்சத்தை மட்டும் படிக்க விடுகிறார்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே பருவம். இது ஆறாவது வருடம். அடுத்த மாதம் வகுப்பு ஆரம்பம். முதல் நாள் ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் இடம் போய்விடும், பழைய பருவங்களும் போய்விடும். ஐந்து பருவம் விழுந்து விழுந்து படித்தது வீணாகிவிடும். எனக்கு மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன். திட்டுவதானால் வந்து திட்டுங்கள்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. கம்பெனி உங்களை இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறதாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நீங்கள் மாட்டேன் என்று சொல்லவில்லையாம். கிரேன்காரரின் மனைவி கடையில் பார்த்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள். நானும் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடம் என்று போனது ஐந்தாகிவிட்டது. அது எட்டாகப்போகிற சேதி எனக்குக் கடையில்தான் தெரிய வேண்டுமா? என்னிடம் மூச்சு விடவில்லையே நீங்கள். நான் என்னவெல்லாம் நினைப்பேன் என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா? எல்லாவற்றையும் நினைத்துவிட்டேன். அங்கேயே பழகிவிட்டதோ, வீடு என்பது மறந்துவிட்டதோ, எங்களைப் பார்த்துச் சலித்துவிட்டதோ என்று வரிசையாக நினைத்துப் பார்த்து, வரிசையாக அழுதும் முடித்தாயிற்று.

போன மாதம் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே வீடியோவில் பேசினீர்களே, அன்று பாப்பா ஒன்று கேட்டாள். "அப்பா ஏன் அந்தக் கையால ஸ்பூன் பிடிக்கறாரு?" உடனே உங்கள் போன் திரும்பிக்கொண்டது. கூரையைப் பார்த்தோம். "சிக்னல் சரியில்ல" என்று உங்கள் குரல் மட்டும் கேட்டது. சிக்னல் சரியில்லாவிட்டால் கூரையில் இருந்த விரிசல்கூட எப்படி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, ஏணியாரே? அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன். டாட்டா காட்டுவது இடது கை. தலையைச் சொறிவது இடது கை. வலது கை எப்போதும் மேஜைக்கு அடியில். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பொய் சொல்வீர்கள், நீங்கள் பொய் சொல்வதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சரி, வேறு பேசுகிறேன். வேறு பேசினால் கொஞ்சம் மூச்சு வருகிறது.

பெயர் கொடுக்கப் போன அன்று கல்லூரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். அதே தரைவிரிப்புக் கிடங்கு கீழே, அதே நாலு அறை மேலே. நீங்கள் தலையை இடித்துக்கொண்ட அந்த வாசல் நிலை இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது அதில் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருக்கிறார்கள். உங்களுக்குப் பின்னால் எத்தனை தலை இடித்ததோ. முதல் நாள் நீங்கள் அங்கே இடித்துக்கொண்டு, வலியைக் காட்டாமல், ஏதோ வேண்டுமென்றே செய்த மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். நம் வகுப்புத் தையல்கார அக்கா, "ஏணியைப் படுக்க வெச்சுக் கொண்டாங்கப்பா" என்றாள். அன்றோடு உங்கள் பெயர் போயிற்று. நான் மட்டும் என்ன, பேக்கரியில் வேலையை முடித்துவிட்டு முழங்கைவரை வெள்ளையாக வந்து நின்றேன், மாவு என்று வைத்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் நம் நிஜப் பெயர்களைப் பார்த்துவிட்டு, "யாரு இவங்க ரெண்டு பேரு?" என்று பஸ் டிரைவர் கேட்டாரே, நினைவிருக்கிறதா?

எனக்கு அந்தக் கல்லூரி என்றால் ஏன் இவ்வளவு ஆசை என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு முன் நான் எங்கே போனாலும் வழியில் நிற்கிறேன் என்றுதான் நினைப்பேன். ஓரமாக ஒதுங்கியே பழக்கம். அங்கே ஒதுங்க இடமே இல்லை, அவ்வளவு சின்ன அறை. வயசு வித்தியாசம் பார்க்கவும் இடமில்லை. வகுப்புக்கு நடுவில் தூங்கும் பஸ் டிரைவரை நாம் முறை போட்டு எழுப்புவோம். முதல்வர் அம்மா தானே மணியடித்து, தானே கணக்குப் பாடம் எடுத்து, தானே விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். பாப்பா பிறந்து நீங்களும் கிளம்பிப்போன பிறகு, கடைசிப் பருவம் முழுக்க அவள் அந்த அம்மாவின் மேஜைமேல் துணித்தொட்டிலில்தான் தூங்கினாள். "இவ அழுதா உங்க வகுப்பு போரடிக்குதுன்னு அர்த்தம்" என்று வாத்தியாரிடம் அவர் சொல்லுவாராம். நான் தேர்வு எழுதும்போது பாப்பா ஒரு சத்தம் போடவில்லை தெரியுமா. அந்த அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு கிடங்கில் விரிப்புகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாராம்.

வயரிங் எடுக்கும் நம் ஃபியூஸ் வாத்தியார் இப்போதும் அங்கேதான். கண்ணாடி போட்டிருக்கிறார். கோபம் மட்டும் குறையவில்லை, நான் போன நேரத்திலேயே யாருக்கோ அறை விழாத குறை. "ஜோடிக்கு ஒரே மார்க்குன்னு எத்தன தடவ சொல்றது! அவன் தப்பா முடுக்கினா நீ எதுக்குப் பாத்துக்கிட்டு நிக்கற?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் முறை அதுதானே. ஒருவர் கை, ஒருவர் கண். கை வேலை செய்யும்போது கண்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது. நம் ஜோடியில் நான் கை, நீங்கள் கண். மாற்றிச் செய்யும் நாள்களில் நீங்கள் திருகாணியைக் கீழே போடுவீர்கள், நான் பலகையைப் பார்க்காமல் உங்களைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

மாடிப்படி விளக்கை மறந்திருக்க மாட்டீர்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரிய வேண்டும், எதைத் தட்டினாலும் அணைய வேண்டும். எல்லோரும் சரியாகச் செய்தார்கள். நாம் இரண்டு பேரும் மட்டும் எப்படியோ வயரை மாற்றிக் கொடுத்து, இரண்டு சுவிட்சையும் சேர்த்துப் போட்டால்தான் எரியும் என்று ஆக்கிவைத்தோம். இத்தனைக்கும் நீங்கள் சத்தமாகச் சொன்னீர்கள், நான் சொன்னபடி செய்தேன். தப்பை அவ்வளவு ஒற்றுமையாகச் செய்தவர்கள் அந்தக் கல்லூரியில் வேறு யாரும் இல்லை. வாத்தியார் இரண்டு சுவிட்சையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப இந்த வீட்ல தனியா இருக்கறவன் இருட்டுலயே ஏறிப் போக வேண்டியதுதானா? போங்க, ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. ஆளுக்கொரு சுவிட்சப் பிடிச்சுக்கிட்டு வகுப்பு முடியற வரைக்கும் நில்லுங்க" என்றார். நின்றோம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது மேலே இருந்து நீங்கள் மெதுவாக, "கால் வலிக்குதா? காலைலேந்து பேக்கரில நின்னுட்டுத்தான வந்தீங்க" என்று கேட்டீர்கள். நான் எங்கே வேலை பார்க்கிறேன், எப்போதிருந்து நிற்கிறேன் என்று உங்களிடம் சொன்னதே இல்லை. நீங்கள் பார்த்து வைத்திருந்தீர்கள். அந்த நிமிடம்தான், ஏணியாரே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்த சடங்கு.

நீங்கள் போன பிறகு வாத்தியார் எனக்கு வேறு ஜோடி பார்த்தார். நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் தையல்கார அக்கா, பஸ் டிரைவர், நான் என்று மூன்று பேரும் ஒரே ஜோடியாகத் தேர்வுக்கு நின்றோம். மூன்று பேர் எப்படி ஜோடியாவார்கள் என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டதற்கு, வாத்தியார் அவர்மேலும் எரிந்து விழுந்தார்.

வாசலில் யாரோ. பிறகு எழுதுகிறேன்.

இப்போது வியாழக்கிழமை. மேலே எழுதியதைக் கிழித்துப்போட்டுவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று வாசலில் நின்றது கிரேன்காரர்தான். வேலைக்குத் திரும்புமுன் சொல்லிக்கொண்டு போக வந்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். உங்கள் கைக்கு என்ன ஆச்சு என்று அவரிடம் நேராகக் கேட்டேன். எந்தக் கை என்றார். நீங்களே சொல்லுங்கள், எந்தக் கை என்றேன். அவர் டீயை ஊத ஆரம்பித்தார். ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீயை எதற்கு அண்ணா ஊதறீங்க என்று கேட்டதும் மனுஷன் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களாக இருந்தாலும் சொல்லியிருப்பீர்கள்.

நாலு மாதமா? நாலு மாதமாக என்னிடம் மறைத்தீர்களா? நீங்கள் மின்சாரப் பெட்டிக்குள் கையை விட்டிருக்கும்போது யாரோ மெயினைப் போட்டுவிட்டானாம். கை வெந்து, ஆறி, இரண்டு விரல் மடங்கவே இல்லையாம். அப்புறம் உங்களைக் கிடங்கில் உட்கார வைத்து பல்பு எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "வீட்டுக்குத் தெரிய வேணாம், அவ சும்மாவே பதறுவா" என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினீர்களாம். ஆமாம், பதறுவேன். பதறத்தானே கட்டிக்கொண்டேன். பதறுகிற உரிமையைக்கூட எனக்குத் தராமல் அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்தீர்கள்?

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அன்று உங்களுக்குக் கண்ணாக யார் நின்றார்கள்? கிரேன்காரரிடம் கேட்டேன். யாரும் இல்லை, அங்கே அப்படியெல்லாம் ஆள் விடமாட்டார்கள் என்றார். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், பக்கத்தில் நின்று, மெயின் அணைந்திருக்கிறதா என்று கத்தியிருந்தால் போதுமே.

வலி இருக்கிறதா? குளிருக்கு இழுக்கிறதா? மருந்து போடுகிறீர்களா, அல்லது அதுவும் அப்புறமா? சட்டைக்கு யார் பொத்தான் போட்டுவிடுகிறார்கள்? வேலையாக இருக்கும்போதெல்லாம் இந்தப் பொத்தான்தான் கண்ணில் நிற்கிறது. நேற்று நான் வயரிங் வேலை பார்க்கும் குடியிருப்பில் பம்பு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்போது இது நினைவுக்கு வந்து, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் மாடிக்காரர் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லம்மா மெதுவா பாருங்க என்று போய்விட்டார். அந்த ஆளே அப்படிச் சொன்னார் என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரேன்காரர் இன்னொன்றும் சொன்னார். ஊருக்குப் போகலையா என்று அவர் கேட்டபோது, "கை இல்லாத வயர்மேன் வீட்டுக்குப் போய் என்ன பண்றது" என்று நீங்கள் சொன்னீர்களாம். அப்போதுதான் அந்த மூன்று வருடக் கதை எனக்குப் புரிந்தது. நான் என்னென்னவோ நினைத்து அழுதேனே, அதில் ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. உடனே கோபம் வந்தது. அதற்கப்புறம் வந்த பயம்தான் இன்னும் போகவில்லை. மாதக் கடைசிக்குள் நீங்கள் சரி என்று சொல்லிவிட்டால்? கிடங்கில் பல்பு எடுத்துக் கொடுத்தே இன்னும் மூன்று வருடம், மேஜைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டே பாப்பாவிடம் பேசிக்கொண்டு?

நேற்று வேலை முடிந்ததும் கல்லூரிக்கு ஓடினேன். ஃபியூஸ் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவனுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டார். நல்லா இருக்கு சார் என்றேன். "வாயி?" அதுவும் நல்லாத்தான் இருக்கு, வேண்டியதச் சொல்றதுக்கு மட்டும் வராது என்றேன். "அப்பறம் என்ன? கை யாருதுன்னு நான் என்னிக்குப் பாத்தேன், பலகை எரியுதான்னுதான் பாப்பேன். நீ வந்து நில்லு. அவன் சொல்லட்டும், நீ செய்யி" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. விழுந்திருந்தால் கண்டிப்பாகக் கத்தியிருப்பார்.

ஆனால் முதல்வர் அம்மா முழுசாகச் சரி என்று சொல்லவில்லை. பாஸானவள் மறுபடி ஜோடியாக உட்காரலாமா என்று மேலே கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியுமாம். கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை, அதனால் நம்பிக்கையாக இருங்கள் என்கிறார். நம்பிக்கையாக இருப்பது எனக்கு வருமா, உங்களுக்குத் தெரியாததா. ஒருவேளை ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது, ஒத்துக்கொண்டு நீங்கள் வராவிட்டால் என்ன செய்வது, வந்து உங்களுக்கு அந்தச் சின்ன வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருந்தால் என்ன செய்வது என்று மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் கைக்கு மட்டும் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளையும் பார்த்துவிட்டேன். கையைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, சீக்கிரம் அழைத்து வாருங்கள், நாள் ஆக ஆக விரல் இறுகிவிடும் என்றாள்.

பாப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். மறைத்து மறைத்து நாம் பட்டது போதும். அப்பா கையில் அடிபட்டிருக்கிறது, இரண்டு விரல் மடங்காது என்றேன். குனிந்து தன் ஷூவைப் பார்த்துவிட்டு, "அப்ப அப்பாவுக்கு நான் ஷூ லேஸ் கட்டிவிடட்டுமா? எனக்கு இப்பத் தெரியும்" என்றாள். ஒன்றாம் வகுப்பில் இந்த மாதம்தான் கட்டக் கற்றுக்கொண்டாள். நீங்கள் பார்க்கவில்லை.

நீங்கள் கிளம்ப வேண்டும் என்றுதான் படிப்பு, இடம், ஆறு வருடம் என்று இத்தனையும் எழுதினேன். இப்போது சொல்கிறேன். படிக்கத் தோன்றாவிட்டால் படிக்க வேண்டாம். இடம் போனால் போகட்டும், ஐந்து பருவமும் போகட்டும், நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் தாங்கிக்கொள்வேன். நீங்கள் அங்கே தனியாக இருப்பதைத் தாங்க என்னால் முடியவில்லை. கம்பெனிக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வழியில் யாரிடமாவது பெட்டியைத் தூக்கித் தரச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

என் ராஜா, அந்தக் கையோடு வந்துவிடுங்கள்.

உங்களுக்காகப் பதறிக்கொண்டிருக்கும்,
மாவு